சாம்பல் திரையில் முப்பத்தெட்டு நாள்

நாலு லிட்டர் காலி டப்பாவுக்குள் போனைச் சாய்த்து நிறுத்தி, மூடியைப் பொருத்தி, ரப்பர் சுத்தியலால் விளிம்பைச் சுற்றி நாலு தட்டுத் தட்டுகிறார் கலர் மாஸ்டர். பிறகு என் பக்கம் திரும்பி, "இப்ப சொல்லுங்க மேடம், உங்க சுவருக்கு என்ன குறை?" என்கிறார். நான் குறையைச் சொல்லி முடிப்பதற்குள் அவருடைய கை தன் பாட்டுக்கு ஸ்க்ரூ டிரைவரைத் தேடுகிறது. மூடியை நெம்பித் திறக்கிறார், போனை எடுத்துப் பார்க்கிறார், உள்ளே வைக்கிறார், மறுபடியும் நாலு தட்டு. "ம், கசிவுன்னு சொன்னீங்க. அப்புறம்?" இது மூன்றாவது டப்பாவாம். முதல் இரண்டும் மூடி நெளிந்து, வாய் கோணி, கடைக்குப் பின்னால் கிடக்கின்றன.

பெயின்ட் கடையில் நிறம் கலக்குவது அவர் வேலை. ஐம்பத்து நாலு வயது. முழங்கை வரை மடித்த சட்டை, கழுத்தில் தொங்கும் கண்ணாடி, நகக்கண்களில் அந்த வாரம் யார் யார் வீட்டுக்கு என்ன நிறம் போனது என்பதற்கான தடயம். கணினி ஒரு கலவை சொல்லும், இயந்திரம் அதை டப்பாவில் சொட்டும். அதற்குப் பிறகுதான் மாஸ்டர். ஒரு விரலால் தொட்டு அட்டையில் தடவுவார், தலைமுடி காய வைக்கும் டிரையரால் அட்டையைக் காய வைப்பார், வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்ப்பார். "இது கொஞ்சம் கோவமா இருக்கு, தணிக்கணும்" என்று திரும்பி வந்து இரண்டு சொட்டு எதையோ விடுவார். தணிந்துவிடும். எனக்கு அந்த வித்தியாசம் தெரியாது, தெரிந்த மாதிரி தலையாட்டி வைப்பேன்.

அவரிடம் இரண்டு சட்டங்கள் உண்டு. முதலாவது, போனில் இருக்கும் படத்தைக் காட்டி "இந்தக் கலர் வேணும்" என்று கேட்கக்கூடாது. நானும் அப்படித்தான் என் கூடத்துச் சுவரின் படத்தோடு போய் வசமாக மாட்டிக்கொண்டேன். "போட்டோ பொய் சொல்லும் மேடம். சுவத்துல ஒரு சில்லு பேத்துக்கிட்டு வாங்க, கைக்குட்டை அளவு வேணாம், கட்டைவிரல் நகம் அளவு போதும்." வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் பேர்த்து எடுத்துக்கொண்டு வந்தேன். இரண்டாவது, எந்த நிறம் அடிப்பது என்று தெரியாமல் கடை நடுவே நின்று விழிப்பவர்களுக்கு அவர் வைத்திருக்கும் பதில். நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். "கிரீம் அடிங்க. கிரீம் கலர் எப்பவுமே வீட்டுக்கு நல்லது." நான் இருந்த ஒரு மணி நேரத்தில் மூன்று பேருக்கு இந்த அருள்வாக்கு கிடைத்தது, மூவரும் நிம்மதியாகப் போனார்கள்.

கசிந்த சுவர் ஒரே நாளில் சரியாகிற சங்கதி இல்லை. ஆறு முறை அந்தக் கடைக்குப் போனேன். இரண்டாவது முறைதான் அவருடைய விசித்திரமான பழக்கம் ஒன்று பிடிபட்டது. டப்பாவைக் குலுக்கும் இயந்திரம் ஒன்று மூலையில் இருக்கிறது. மூன்று நிமிடம் ஓடும், கடையே அதிரும். அந்த மூன்று நிமிடத்தில்தான் மாஸ்டர் சொந்தக் கதை பேசுவார். இயந்திரம் நின்றதும் வாக்கியம் எந்த இடத்தில் இருந்தாலும் அப்படியே விட்டுவிட்டு, "உங்களுக்கு மேட் ஃபினிஷா, பளபளப்பா?" என்பார். மீதியை அடுத்த டப்பா வரும்வரை காத்திருந்து கேட்க வேண்டும். தேவையே இல்லாமல் ஒரு லிட்டர் வெள்ளையைக் குலுக்கித் தரச் சொன்ன பாவத்தை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

போனைப் பார்க்காமல் இருப்பதற்காக அவர் போனில் ஐந்து செயலிகள் இருந்தன. ஒன்று, போனைத் தொடாமல் இருந்தால் திரையில் ஒரு செடி வளர்க்கும். தொட்டால் செடி வாடிவிடும். செடி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்கப் போய்ப் போய் அவர் ஒரு தோப்பையே கருக்கியிருக்கிறார். இன்னொன்று, எதைத் திறந்தாலும் குறுக்கே வந்து மூன்று முறை மூச்சை இழுத்துவிடச் சொல்லும். அடுத்தது, 'எதற்காகத் திறக்கிறீர்கள்?' என்று கேட்டு, வேலை, பொழுதுபோக்கு, சும்மா என்று மூன்று பொத்தான் நீட்டும். "எப்பவும் வேலைதான் அமுக்குவேன். மெஷின்கிட்ட போய் எதுக்கு மேடம் மானத்தை விடணும்?" நாலாவது, நேற்று எத்தனை மணி நேரம் பார்த்தீர்கள் என்று காலையில் கோடு போட்டுக் காட்டும். அந்தக் கோடுகளைப் பார்ப்பதில் தினமும் அரை மணி போகும். ஐந்தாவதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அப்படி அவர் என்னதான் பார்த்தார்? வம்பு, அரசியல், ஆபாசம் ஒன்றும் இல்லை. அழுக்குக் கம்பளத்தை யாரோ சோப்புப் போட்டுக் கழுவுவார்கள். துருப்பிடித்த பூட்டை யாரோ தேய்த்துப் பளிச்சென்று ஆக்குவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கோ ஒரு நாட்டில் யாரோ ஒருவர் பெயின்ட் கலக்குவார். மதியம் சாப்பாட்டுக்கு அவருடைய மனைவி வருவார், பக்கத்து மருந்துக்கடையில் வேலை. அவர்தான் இதைச் சொன்னார். "பகல் பூரா கலக்கிட்டு, வீட்டுக்கு வந்து அடுத்தவன் கலக்கறதை ஆறு மணி நேரம் பார்ப்பாரு. ரிட்டையர் ஆனப்புறம் என்ன பண்ணுவாருன்னு எனக்குக் கவலையே இல்ல." மாஸ்டர் தலைகுனிந்தபடி சாப்பிட்டார். இது அவருக்குப் பழகிப்போன பாட்டு.

அவர்களுக்கு ஒரே மகள். இப்போது இருபத்து நாலு வயது, பஸ்ஸில் ஏறினால் ஆறு மணி நேரத் தொலைவில் ஒரு ஊரில் வேலை.

அந்த மகள் பத்தாவது படித்தபோது ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் பள்ளிக்கூடத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா போனைப் பார்த்தபடியே "சரிம்மா, சரிம்மா" என்றிருக்கிறார். அவள் குரலை மாற்றாமல், "அப்பா, ஸ்கூலுக்குள்ள புலி வந்துடுச்சு" என்றாள். "சரிம்மா." "என்னைத் தின்னுடுச்சுப்பா." "சரிம்மா. சாப்பிட்டுட்டுப் போய்ப் படு." அம்மாவும் மகளும் சிரித்திருக்கிறார்கள். பிறகு மகள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

"அன்னையிலேருந்து எங்கிட்ட அவ கதை சொல்லல மேடம். விஷயம்தான் சொல்லுவா. பீஸ் கட்டணும்பா, பஸ் லேட்டுப்பா, அம்மாகிட்ட சொல்லிடுங்கப்பா. ஒன்பது வருஷமா வெறும் விஷயம். அதுகூட எனக்கா தெரியல. அவ வேலைக்குக் கிளம்பிப் போனப்புறம் அவ அம்மாதான் சொன்னா, இப்படி ஒரு புலி வந்துச்சுன்னு." அந்த இடத்தில் இயந்திரம் நின்றது. "ப்ரைமர் ரெண்டு கோட்டு அடிச்சுட்டு இதை அடிக்கச் சொல்லுங்க" என்று டப்பாவை என்னிடம் நீட்டினார்.

புலிக்கு முன்பு வேறொரு காலம் இருந்திருக்கிறது. மகளுக்கு ஏழு வயது. அப்போது அவரிடம் இருந்தது பட்டன் போன், அதில் பேசத்தான் முடியும். அவளுக்கென்று ஒரு சின்ன அறை, அதற்கு என்ன கலர் வேண்டும் என்று கேட்டார். அவள் கையைத் தூக்கி, விரல்களைச் சேர்த்து ஜன்னல் வெயிலில் காட்டி, "இந்த ஓரத்துல தெரியுதேப்பா, இந்தக் கலர்" என்றாள். வெயிலுக்கு எதிரே விரல் ஓரங்களில் ரத்தமும் வெளிச்சமும் கலந்து கசியுமே, அது. எந்த நிற அட்டையிலும் கிடையாது. பதினோரு முறை கலக்கினார். ஒவ்வொரு முறையும் அவள் கையை ஜன்னலில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்து, "இல்லப்பா, உள்ள இன்னும் லைட்டு எரியணும்" என்று திருப்பி அனுப்பினாள். பன்னிரண்டாவது முறை, "எரியுதுப்பா" என்றாள். அந்தக் கலவையின் அளவுகளை டப்பா மூடியின் உள்பக்கத்தில் எழுதி அவளிடமே கொடுத்தார். "முப்பது வருஷத்துல என்னை அவ்வளவு வேலை வாங்கின கஸ்டமர் வேற யாரும் இல்ல." இதைச் சொன்னபோது அவர் முகம் இருந்த அழகைப் பார்த்துவிட்டு, எனக்கு ஏனோ என் போனைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடத் தோன்றியது.

புலிக் கதையைக் கேட்டபிறகுதான் செயலிகள் ஒவ்வொன்றாக வந்தன. நாலு செயலி போட்டும் ஆறு மணி நேரம் ஐந்தே முக்காலாகத்தான் குறைந்தது. ஐந்தாவதுதான் வேலை செய்தது. அது திரையிலிருந்து நிறத்தை எடுத்துவிடும். கம்பளம், பூட்டு, பெயின்ட் எல்லாம் ஒரே சாம்பல். கலர்க்காரருக்குக் கலரை எடுத்துவிட்டால் பிறகு என்ன மிச்சம்? ஒரே வாரத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு இறங்கிவிட்டார். எத்தனை நாள் தொடர்ந்து சாம்பலில் இருக்கிறீர்கள் என்று மேலே ஓர் எண் வரும். இடையில் ஒரு தடவை நிறத்தைத் திறந்து பார்த்தாலும் எண் சைபருக்குப் போய்விடும். எண் இருபதைத் தாண்டியதும் கடைக்கு வருபவர்களிடம் காட்ட ஆரம்பித்தார். முப்பதைத் தாண்டியதும் மனைவியே வாய் திறந்து பாராட்டினார். "மூஞ்சியைப் பார்த்துப் பேசறாரு, பயமா இருக்கு" என்பதுதான் அந்தப் பாராட்டு.

முப்பத்தெட்டாம் நாள், முற்பகல், மகளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அம்மாவுக்கு அல்ல, நேரே அப்பாவுக்கு. அவள் புதிதாக வாடகைக்குப் போயிருக்கும் வீட்டின் ஒரு சுவர், அப்போதுதான் வண்ணமடித்து முடித்தது. கீழே ஒரு வரி: 'அப்பா, இது என்ன கலர்னு சொல்லுங்க பார்ப்போம்.'

இந்தப் பகுதியை இயந்திரம் ஓடாதபோதும் சொன்னார். குலுக்கல் நின்றது, கடை அமைதியானது, அவர் நிறுத்தவில்லை.

"மூணு தடவை மூச்சு விடச் சொல்லுச்சு, விட்டேன். எதுக்குத் திறக்கறேன்னு கேட்டுச்சு, வேலைன்னு அமுக்கினேன். போட்டோ சாம்பலா இருந்துச்சு. பக்கவாட்டுப் பட்டனை ரெண்டு அமுக்கு அமுக்கினா போதும், கலர் வந்துடும். முப்பத்தெட்டு சைபராயிடுமேன்னு அமுக்கல. அதோட ஒரு திமிர் மேடம். கறுப்பு வெள்ளையில காட்டினாலும் நான் கலர் சொல்லுவேன்னு. வெளுப்பா இருந்துச்சா, கிரீம்னு நினைச்சுக்கிட்டேன். உடனே பதில் போட்டேன்."

என்ன போட்டார் என்று நான் கேட்பதற்குள் அவரே போனை எடுத்துக் காட்டினார். செயலிக்காக மூன்று மூச்சு விடும்வரை இருவரும் காத்திருந்தோம்.

'கிரீம் தானே? அருமையா இருக்கும்மா. கிரீம் கலர் எப்பவுமே வீட்டுக்கு நல்லது.'

அதன் கீழே அவளுடைய பதில், ஒரே சொல். 'சரிப்பா.'

அன்று மதியம் அவர் மனைவியிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார், மகள் செய்தி அனுப்பினாள், ஒரு நிமிடத்தில் பதில் போட்டேன், பார்த்தாயா எப்படி மாறிவிட்டேன் என்று. மனைவியும் சந்தோஷப்பட்டார். அடுத்த வாரம் மனைவி மட்டும் விடுப்பு எடுத்துக்கொண்டு மகளைப் பார்க்கப் போனார். அந்த அறைக்குள் கால் வைத்ததும் அங்கிருந்தே போன் செய்தார். "நீங்க என்ன பதில் போட்டீங்க இவளுக்கு?" "கிரீம்னு போட்டேன், ஏன்?" "கண்ணைத் திறந்து பாருங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மாஸ்டர் பட்டனை இரண்டு முறை அமுக்கினார். ஒரு சுவர் முழுக்க, ஏழு வயதுக் குழந்தையின் விரல் ஓரம். பழைய மூடியை இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்து, அந்த ஊர்க் கடையில் கொடுத்துக் கலக்கி வாங்கியிருக்கிறாள்.

"நம்பர் சைபரானதை நான் கவனிக்கவே இல்ல மேடம்" என்றார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. அவர் மேல் கோபமும் வந்தது, அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. ஒன்பது வருடம் கழித்து ஒரு கதை சொல்ல வந்த பெண்ணுக்கு, கடை நடுவே நின்று விழிக்கும் ஆட்களுக்குச் சொல்லும் பதிலை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அதுவும், அவளுக்காகத் திருந்திக்கொண்டிருந்த நேரத்தில்.

அவளுக்கு நீளமாக ஒரு செய்தி எழுதினார். செயலி போட்டிருந்தேன், நிறம் தெரியவில்லை, மன்னித்துவிடு என்று. 'பரவால்லப்பா' என்று வந்தது. அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள்: "போனைப் பார்க்காம இருக்கறதுக்கும் அவரு போனைத்தானம்மா பார்க்கறாரு." இன்னொன்றும் சொல்லியிருக்கிறாள். "வந்து பார்க்கட்டும். சுவரு எங்கயும் ஓடிடாது."

"போயிருக்கலாமே" என்றேன். ஒன்றரை மாதமாகிறது, அவர் இன்னும் போகவில்லை. "வெறுங்கையோட எப்படிப் போறது? அந்தக் கலரை நானே கலக்கி ஒரு லிட்டர் எடுத்துக்கிட்டுப் போகணும். இல்லேன்னா அவ எதிர்ல நின்னா என் வாயில சரிம்மான்னுதான் வரும்." மூடியில் எழுதியிருப்பதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லட்டுமா என்று மனைவி கேட்டிருக்கிறார். வேண்டாம் என்றுவிட்டார். "மறந்தது நான். நானே ஞாபகப்படுத்திக்கணும்." கலவையில் அவருக்கு நினைவிருப்பது ஒன்றுதான்: கறுப்பு, ஊசி முனையால் தொட்ட அளவு. மற்றதெல்லாம் போய்விட்டது. மனைவிக்குப் பொறுமை போய்க்கொண்டிருக்கிறது. "இவரு கலர் கண்டுபிடிக்கறதுக்குள்ள அவ அந்தச் சுவத்துக்கு வேற கலரே அடிச்சுடுவா" என்று அவர் காதில் விழும்படியே என்னிடம் சொன்னார். மாஸ்டர் அப்போதும் குனிந்துதான் இருந்தார், ஆனால் சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

ஐந்து செயலிகளையும் கோபத்தில் அழித்துப் பார்த்திருக்கிறார். மூன்றே நாளில் கம்பளங்கள் திரும்பி வந்துவிட்டன, பழையபடி ஆறு மணி நேரம். நாலாம் நாள் மனைவி ஏதோ கேட்க, "சரிம்மா" என்று தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டுத் திடுக்கிட்டுப்போய், எல்லாவற்றையும் மறுபடி ஏற்றிக்கொண்டார். டப்பாவும் சுத்தியலும் அதற்குப் பிறகு சேர்ந்தவை. திரையில் நிறம் இருந்தால் அவர் பழைய ஆள். நிறம் இல்லையென்றால் மகள் அனுப்பிய படம் தெரியாது. கடைசியில் அந்தச் செயலியிலேயே ஒரு வழி இருந்தது, நாளுக்குப் பத்து நிமிடம் மட்டும் நிறம் தரும். அந்தப் பத்து நிமிடத்தை அவர் வேறு எதற்கும் செலவழிப்பதில்லை.

கடைசி டப்பாவை வாங்க நான் போனது ஒரு பிற்பகல். வெயில் வாசல்படி ஏறி உள்ளே வந்திருந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் நிற அட்டைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன, எல்லாம் ஏறக்குறைய ஒரே நிறம், ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலில் ஓர் எண். இருபத்தாறு வரை வந்திருந்தார். "அன்னைக்குப் பன்னெண்டுலயே முடிஞ்சுது" என்றார், நான் எண்களைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு.

இருபத்தேழாவதை விரலால் தொட்டு அட்டையில் தடவினார். டிரையரைத் தேடவில்லை. டப்பாவின் மூடியை நெம்பி, போனை எடுத்து, மூச்சு விட்டு, திரையைச் சட்டை நுனியால் துடைத்து, அட்டையையும் போனையும் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். படத்துக்குப் பக்கத்தில் அட்டையை வைத்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தார்.

"போட்டோ பொய் சொல்லும்னு என்னைச் சுவத்தைப் பேக்க வச்சீங்களே மாஸ்டர்" என்றேன். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன், பாதியிலேயே குரல் இறங்கிவிட்டது.

"பொய்தான் சொல்லும்" என்றார். "இதுல மஞ்சள் கூட இருக்கா, இல்ல அங்க அவ ரூம் லைட்டு மஞ்சளான்னு தெரியல. புதுச் சுவத்துல சில்லு பேத்துக் குடுன்னு அவகிட்ட எப்படிக் கேக்கறது?"

மகள் போன மாதம் ஒருமுறை பேசினாளாம். அம்மா நம்பர் பிஸியாக இருக்கிறது, வந்ததும் பேசச் சொல்லுங்கள் என்றாளாம். விஷயம்.

பத்து நிமிடம் முடிந்தது. அவர் கையிலேயே படம் சாம்பலானது. சுவர், ஜன்னல், ஓரத்தில் விழுந்திருந்த மகளின் நிழல், எல்லாம் ஒரே பூச்சு. அவர் அட்டையை வாசல்படியில் வைத்தார். பிறகு போனை என் கையில் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டதைக்கூடப் பார்க்கவில்லை. வலது கையைத் தூக்கி, விரல்களைச் சேர்த்து, வெயிலுக்கு எதிரே பிடித்தார். நகக்கண்ணிலும் விரல் இடுக்கிலும் ஒரு வாரத்துப் பெயின்ட் அப்பியிருந்தது, வெளிச்சம் எங்கேயும் நுழையவில்லை. கையை இறக்கினார். தோளில் கிடந்த துணியைப் பெயின்ட் கரைக்கும் தின்னரில் நனைத்து வந்து, ஒவ்வொரு விரலின் ஓரத்தையும் தோல் சிவக்கத் துடைத்தார். துடைத்துவிட்டு மறுபடியும் கையைத் தூக்கிப் பிடித்தார்.